பொங்கல் பூச்சு

மோகனரங்கம் பொய் சொல்கிறார். தமயந்தி மேடத்தின் கால் போனது அவருடைய சொந்தக் கவனக்குறைவால் அல்ல. அது மோகனரங்கத்துக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறார்.

மோகனரங்கம் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டு வாசலிலும் மாடியிலும் மரப்பலகையில் தளம் போட்டுக் கொடுத்து, பிறகு அதைப் பராமரிப்பதாகவும் சொல்லிக்கொள்ளும் கம்பெனியின் முதலாளி. அந்தத் தளத்தை டெக் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். நானும் அப்படியே எழுதுகிறேன். கம்பெனியின் ஷெட் மண்ணூர்பேட்டையில் இருக்கிறது. அங்கே டெக் தேய்த்து, எண்ணெய் பூசி, பலகை மாற்றி ஓய்வு பெற்றவள் நான். தமயந்தி மேடம் எனக்கு சூப்பர்வைசராக இருந்தவர். என்னைவிட இருபது வயது சின்னவர்.

எங்கள் தொழிலாளர் சங்க மலருக்கு வேலை அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று போன வருடமும் கேட்டார்கள். எனக்கு வேறு வேலை இல்லையா என்று விட்டுவிட்டேன். இந்த வருடம் பாபு வந்தான். பாபு இன்னும் அந்த ஷெட்டில்தான் வேலை செய்கிறான். முத்தாபுதுப்பேட்டையில் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே போனை நீட்டினான்.

"யக்கா, இத்தப் பாரு. உன் மொதலாளி ஹீரோ கணக்கா பேசிக்கினு கீறாரு."

"எனக்கு இன்னாடா மொதலாளி? அதான் வுட்டுட்டு வந்துட்டேனே."

"சும்மா பாரு யக்கா. வயித்தெரிச்சல் ப்ரீ."

வீடியோவில் மோகனரங்கம் வெள்ளைச் சட்டை போட்டு நிற்கிறார். பொங்கலுக்கு முன்னால் ஒரே நாளில் உங்கள் டெக்கைக் கண்ணாடி மாதிரி ஆக்கித் தருகிறோம், மழையில் நனைந்த மரமாக இருந்தாலும் கவலை வேண்டாம், இப்போதே சொல்லி வையுங்கள் என்கிறார். பக்கத்தில் ஒருவர், முன்னே ஒரு வீட்டில் டெக் உடைந்ததாமே என்று கேட்கிறார். கேட்கச் சொல்லித்தான் கேட்டிருப்பார். மோகனரங்கம் சிரிக்கிறார். "எங்க சூப்பர்வைசர் ஒருத்தங்க, லீவு நாள்ல, யாரும் கூப்பிடாமப் போயி, அவங்களே கால வச்சி ஒடச்சிக்கினாங்க. அதுக்கு நாங்க இன்னா பண்றது?"

போனைத் திருப்பிக் கொடுத்தேன். பாபு போகவில்லை.

"இது மட்டும்னா நான் வந்திருக்க மாட்டேன் யக்கா. இப்ப புச்சா வேலைக்கு வர்ற பொண்ணுங்களுக்கு இன்னா சொல்லித் தர்றாங்க தெரியுமா? பாத்து கால வை, தமயந்தி ஆயிடாதன்றாங்க. அதுங்களுக்கு அந்தம்மா யாருன்னே தெரியாது. எவளாவது சறுக்கினா, 'தோ, தமயந்தி ஆயிட்டா'ன்னு சிரிக்குதுங்க."

அதற்குப் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. அரிசி களையப் போய், பாதியில் விட்டு, தெருமுனை வரை நடந்து திரும்பி வந்தேன். ஒரு மனுஷியின் பெயரை எடுத்துத் திட்டுவதற்கு வைத்திருக்கிறார்கள். அதுவும் அந்த ஷெட்டில் ஒழுங்காகக் கால் வைக்கத் தெரிந்த ஒரே ஆளின் பெயரை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் கதை பெரிதாக ஒன்றும் இல்லை. எட்டாவதோடு படிப்பு நின்றது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இயந்திரங்களை அடைத்து அனுப்புகிற மரப்பெட்டி அடிக்கும் பட்டறையில் சேர்ந்தேன். ஆணி அடித்தேன், கையை நசுக்கிக்கொண்டேன், கற்றுக்கொண்டேன். பெட்டி வேலை குறைந்த சமயத்தில் மோகனரங்கத்தின் ஷெட்டில் பெண்களையும் எடுத்துக்கொண்டார்கள். உப்புத்தாள் தேய்க்க ஆள் வேண்டும், பெண்கள் என்றால் எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்று நினைத்தார்கள். என்னை எடுத்தது அவர்கள் கெட்ட நேரம்.

எங்கள் பக்கத்தில் டெக் வந்ததற்கு ஒரு காரணம் வெள்ளம். வெள்ளம் பார்த்த பிறகு வீடு கட்டியவர்கள் தரையை ரோட்டைவிட இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கட்டினார்கள். வாசல் அந்தரத்தில் நின்றது. வாசலுக்கும் படிக்கும் நடுவே இருக்கிற இடத்தைச் சிமெண்டில் மூடாமல், மரத்தில் போட்டால் அழகு என்று யாரோ சொல்ல, எல்லோரும் போட்டார்கள். கீழே காலியிடம், மோட்டார், உடைந்த செங்கல். மேலே பலகை. பலகையைத் தாங்க அடியில் சட்டங்கள்.

போட்டவர்களில் பாதிப் பேருக்கு அது மரம் என்பதே மறந்துவிடும். துளசி மாடத்தைத் தூக்கி அதன்மேல் வைப்பார்கள். தொட்டிச் செடிக்கு ஊற்றிய தண்ணீர் தொட்டிக்கு அடியிலேயே நிற்கும். செருப்பு அலமாரிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று வருடம் முழுக்கப் பார்க்க மாட்டார்கள். இதையெல்லாம் விடலாம், சரி செய்துவிடலாம். சரி செய்ய முடியாதது பொங்கல் பூச்சு.

பொங்கல் என்றால் வீட்டுக்கு வெள்ளை அடிப்போம், கதவுக்கு பெயிண்ட் அடிப்போம். அது நம் பழக்கம், தப்பில்லை. சுவரோடு சேர்த்து டெக்குக்கும் வார்னிஷ் அடிக்கச் சொல்வதுதான் தப்பு. நம் ஊரில் மழை ஐப்பசியில் பிடித்தால் மார்கழி வரை விட்டுவிட்டுப் பெய்கிறது. மரம் அத்தனை நாளும் குடிக்கிறது. தை பிறக்கும்போது மேலே கை வைத்தால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அந்த ஈரத்தின்மேல் வார்னிஷ் அடித்தால் மேலே தோல் மாதிரி மூடிக்கொள்கிறது. உள்ளே இருக்கிற தண்ணீருக்கு வெளியே போக வழி இல்லை. திருகு ஓட்டை வழியாகவும் பலகை முனை வழியாகவும் புதுத் தண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். மேலே பளபள. அடியில் புழுங்கிச் சாகிறது.

மாசி கடைசி, பங்குனி. அதுதான் டெக்குக்குப் பூச்சு போடும் காலம். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் தமயந்தி மேடம். அவருக்கும் யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

அவர் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அப்பா தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இவர் இன்ஜினியரிங் படித்துவிட்டு எங்கள் ஷெட்டுக்கு வந்தபோது, ஏசி ரூமில் உட்காரும் ஆள் என்று நினைத்தோம். வந்த முதல் நாளே பாபு, "மேடம், தூசி ஜாஸ்தி, மூக்க மூடிக்கினு நில்லுங்க" என்றான். அவர் அவன் கையில் இருந்த உப்புத்தாளை வாங்கி, அவன் குறுக்கே தேய்த்து வைத்திருந்த பலகையை ரேகை போகிற திசையில் தேய்த்துக் காட்டி, தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. பாபு அன்று மாலை வரை பேசவில்லை, அதுதான் அதிசயம்.

நன்றாகச் செய்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார். எனக்கு அது பிடிக்காது, ஒருநாள் முகத்துக்கு நேரே கேட்டேன். "நல்லா இருந்தா நான் அடுத்த வீட்டுக்குப் போயிடறேன்ல கோமளா, அதுதான்" என்றார். சரியில்லை என்றால் "இன்னொரு தடவை" என்பார். திட்டு கிடையாது. அந்த "இன்னொரு தடவை"க்குத் திட்டே மேல். வேலை முடியாமல் வாடிக்கையாளர் வீட்டில் காபி குடிக்க மாட்டார். எங்களையும் பார்த்துக்கொண்டே இருப்பார், எங்களாலும் குடிக்க முடியாது. அந்த வீட்டம்மாக்கள் கோபித்துக்கொள்வார்கள்.

எந்த டெக்கில் ஏறுவதானாலும் செருப்பைக் கழற்றிவிடுவார். கோயில் மாதிரியா மேடம் என்று கேட்டதற்கு, "செருப்பு போட்டா காலுக்குக் காது கேக்காது" என்றார். வெறுங்காலோடு ஒவ்வொரு பலகையாக, குதிகாலை முதலில் வைத்து, மெதுவாக உடம்பை இறக்கி நடப்பார். பாதி வீட்டுக்காரர்களுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

அவர் வேலையை வரிசைப்படுத்திய விதத்தைச் சொல்கிறேன், இப்போது செய்கிறவர்களுக்குப் பயன்படட்டும். மேலே இருப்பதையெல்லாம் முதலில் இறக்க வேண்டும், தொட்டி, நாற்காலி, மிதியடி. பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் அடைத்திருக்கும் மண்ணை, முடியை, காய்ந்த இலையை வளைத்த ரம்பத்தகட்டால் இழுத்து எடுக்க வேண்டும். அந்த இடுக்கு மரம் மூச்சு விடுகிற வழி. அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சுகிற மிஷினை அவர் ஷெட்டை விட்டு வெளியே எடுக்கவே விடவில்லை, அது மரத்தின் நாரைக் கிளப்பிவிடும். மெத்தென்ற பிரஷ், கொஞ்சம் சோப்புத் தண்ணீர், ரேகையோடு தேய்த்துக் கழுவி, காயவிட வேண்டும். பிறகு அடியில் தவழ்ந்து போய், டார்ச் அடித்து, ஒவ்வொரு சட்டத்தையும் திருப்புளி முனையால் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல மரம் முனையைத் தள்ளிவிடும், கெட்ட மரம் உள்ளே வாங்கிக்கொள்ளும். துருப்பிடித்த திருகைக் கழற்றித் துருப்பிடிக்காததைப் போட வேண்டும். மீட்டரின் இரண்டு ஊசியைப் பலகையில் அழுத்தி ஈரம் பார்க்க வேண்டும். அதுவும் சரி என்றால்தான் உப்புத்தாள். அதற்கும் பிறகுதான் எண்ணெய், துணியில் தொட்டு, மெல்லிசாக. மரம் குடித்தது போக மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. எண்ணெய்த் துணி தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும், கொடியில் விரித்துக் காயப்போட வேண்டும். இதை மறந்ததற்காக ஒருவரை அவர் வேலையை விட்டே நிறுத்தினார். பாவம் என்று யாரும் சொல்லவில்லை, சொல்ல முடியவில்லை.

குமணன்சாவடி வீட்டுக்கு வருகிறேன்.

சுப்பையா சார் தளவாடத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி வேலம்மாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். வேலைக்காலம் முழுக்க ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, குமணன்சாவடியில் உள்தெருவில் வீடு கட்டினார்கள். வாசல் டெக் எங்கள் கம்பெனி போட்டது. தமயந்தி மேடம் வருவதற்கு முன்பே போட்டது. நாங்கள் முதல்முறை அங்கே போனபோது படிக்குப் பக்கத்துப் பலகைகள் கறுத்துக் கிடந்தன. தினமும் காலையில் வேலம்மாள் வாளித் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுகிறார் என்று தெரிந்தது.

"அதனாலதான் கறுக்குதுன்னு தெரியுது தாயி. அதுக்காக வாசலத் தெளிக்காம எப்படி இருக்கது?" என்று அந்தம்மா கையைப் பிசைந்தார்.

சுப்பையா சார் உள்ளே இருந்து, "அப்பவே சொன்னேன், சிமெண்ட் போடுன்னு. பக்கத்து வீட்டுக்காரவ மரம்தான் ஸ்டைல்னு சொல்லிட்டாவன்னு மரத்தப் போட்டா" என்றார்.

"நீங்க பேப்பரப் படிங்க."

தமயந்தி மேடம் சிரிக்கவும் இல்லை, புத்திமதி சொல்லவும் இல்லை. "தெளிங்கம்மா. கோலம் எந்த இடத்துல போடுவீங்க, காட்டுங்க" என்றார். காட்டிய இடத்தில், படி முடிகிற தலைப்பில், பலகையை எடுத்துவிட்டு, கீழே செங்கல் தூண் கட்டி, ஒரு கருங்கல் பலகையைப் பதித்தார். தண்ணீர் வெளிப்பக்கமாக வழிந்து போகும்படி சாய்த்தார். கல்லில் கோலம், கல்லைத் தாண்டி மரம், மரத்தைத் தாண்டிக் கதவு. வேலம்மாளுக்கு அவரைக் கட்டிப்பிடிக்காத குறை.

ஆனால் பொங்கல் பூச்சை அவரால் நிறுத்த முடியவில்லை. அது மோகனரங்கத்தின் வியாபாரம். மார்கழியில் வேறொரு குழுவை வைத்து வீடு வீடாக வார்னிஷ் அடிக்க அனுப்புவார். குமணன்சாவடி வீட்டுக்கும் வருடா வருடம் அடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மேடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். "உன் மாசி பங்குனிக்கெல்லாம் கஸ்டமர் காத்துக்கினு இருக்க மாட்டாம்மா. பொங்கலுக்குக் கேக்கறான், பொங்கலுக்குக் குடு" என்பார் மோகனரங்கம்.

அந்த வருடம் மழை நின்றபாடில்லை. வேலம்மாளின் மகளுக்குக் கல்யாணம் ஆகி, தலைப்பொங்கல். சம்பந்தி வீட்டார் எல்லோரும் வருகிறார்கள், வாசலில் பொங்கல் வைக்கப் போகிறோம், டெக் கொஞ்சம் ஆடுகிற மாதிரி இருக்கிறது, வந்து பார்த்துவிடுங்கள் என்று சுப்பையா சார் கூப்பிட்டார். மார்கழி பாதியில் மேடமும் நானும் போனோம்.

மேலே எல்லாம் மின்னியது. மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். நடுவில், கதவுக்கும் கல்லுக்கும் நடுவில், நின்றார். காலை எடுத்தார். திரும்பி வந்து, "கோமளா, கீழ போங்க" என்றார். அடியில் போய்த் திருப்புளியை வைத்தேன். தள்ளக்கூட இல்லை. பழுத்த பப்பாளியில் போவது போலப் போனது. நடுவில் இருந்த சட்டங்கள் அப்படியே. ஓரத்துச் சட்டங்கள் சுவரை ஒட்டி இருந்ததால் பரவாயில்லை. நடுப்பகுதி மட்டும், ஒரு பாய் விரிக்கிற அகலத்துக்கு, வெறும் வார்னிஷ் தோலில் நின்றுகொண்டிருந்தது.

மேடம் சிவப்புச் சாக்பீஸால் அந்த இடம் முழுக்கப் பெருக்கல் குறி போட்டார். படியில் இருந்து கதவு வரை குறுக்கே கயிறு கட்டினார். "யாரும் இதுல ஏறக்கூடாது. சமையல்கட்டு வழியா வாங்க, போங்க. சட்டம் மாத்தினப்புறம் நானே வந்து கயிறை அவுக்கறேன்" என்று இரண்டு பேரிடமும் சொன்னார். பிறகு மோகனரங்கத்தைக் கூப்பிட்டார்.

அவர் வந்தார். இதைத்தான் எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டும். வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் குனிந்தார். என் கையில் இருந்த திருப்புளியை வாங்கி, தன் கையால் குத்தினார். பிடி வரை போனது. இழுத்ததும் முனையில் ஈரத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. நான் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். "அடச்சே" என்றார். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் மேடம் கேட்டார், "நாளைக்கே பிரிச்சிடலாமா சார்?"

"இருக்கற ஆளெல்லாம் பொங்கல் வேலைக்குப் போயிருக்கான். பொங்கல் போவட்டும்மா, பாத்துக்கலாம்."

"அப்ப பொங்கல் வரைக்கும் யாரும் ஏறக்கூடாது. பூச்சும் கிடையாது."

"சரிம்மா, சரி."

இரண்டு முறை சரி என்றார். நான் கேட்டேன்.

பொங்கலன்று காலை என் வீட்டில் பானை அடுப்பில் ஏறிவிட்டது. பாபு போன் செய்தான்.

"யக்கா, ஹேப்பி பொங்கல். இன்னா, பொங்கிடிச்சா?"

"இன்னும் இல்லடா."

"நான் பொங்கி வழிஞ்சி கெடக்கறேன், ராவும் பகலும் வார்னிஷ் வேல. அந்தக் குமணன்சாவடி ஊட்டு டெக்கப் போய்ப் பாரு, கண்ணாடி கணக்கா கீது. மொகம் பாத்து தல வாரலாம்."

"எந்த ஊடு?"

"கல்லு போட்டீங்களே, அந்த ஊடு."

"கயிறு கட்டியிருந்துச்சேடா. சிவப்பா குறி போட்டிருந்துச்சே."

"அத்தத்தான் அவுத்துட்டு, தேச்சி எடுத்துட்டு அடின்னாரு மொதலாளி. நான் கேட்டேன் யக்கா, மேடம் போட்ட கோடு சார் இதுன்னு. அது பழைய கோடு, அடியில சட்டம் மாத்தியாச்சுன்னாரு. ஏன், மாத்தலியா?"

பானையை இறக்கி வைத்துவிட்டு மேடத்துக்குப் போன் போட்டேன். சட்டம் மாற்றினார்களா என்று கேட்டேன். "யார் மாத்தினது?" என்றார். அதுதான் பதில். சுப்பையா சாரை இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டோம். விருந்தாளி நிறைந்த வீடு, யார் போனை எடுப்பார்கள்? மேடம் ஸ்கூட்டரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். பருத்திப்பட்டு வழியாகப் போனோம். தெருவுக்குத் தெரு அடுப்பு, கரும்பு, குலவைச் சத்தம். நான் வழியெல்லாம் மோகனரங்கத்தைத் திட்டிக்கொண்டு போனேன்.

வாசலில் எல்லோரும் இருந்தார்கள். கல்லின்மேல் அடுப்பு வைத்து சுப்பையா சார் ஊதிக்கொண்டிருந்தார். சம்பந்தி வீட்டார் சுவரோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அடியில் சரி செய்தாயிற்று என்று சொல்லி இவர்களையும் நம்ப வைத்திருக்கிறார்கள். பூச்சு காயட்டும் என்று இரண்டு நாளாக யாரையும் மிதிக்க விடவில்லையாம், அன்று காலையில்தான் கதவையே திறந்திருக்கிறார்கள். டெக் உண்மையிலேயே கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு குறி தெரியவில்லை.

மகள் பட்டுப் புடவையில், பால் செம்போடு, கதவைத் தாண்டிக் காலை வைக்கிறாள்.

"நில்லும்மா! உள்ள போ! உள்ள போ!" என்று கத்திக்கொண்டே மேடம் படியேறினார். அப்போதும் செருப்பைப் படியில் விட்டுவிட்டுத்தான் ஏறினார். நான் பார்த்தேன். அந்தப் பெண், பொங்கலுக்கு வந்த யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே இன்னொரு அடி வைத்தாள். மேடம் சுவரோரமாகப் போயிருக்கலாம். சுவரோரம் முழுக்க நாற்காலி. நேராகப் போனார். அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக் கதவுக்குள் தள்ளினார். தள்ளிய வேகத்துக்கு இவர் உடம்பு முழுக்க ஒரு காலில் இறங்கியது.

சத்தமே வரவில்லை. டீயில் தோய்த்த பிஸ்கட் விழுமே, அப்படி விழுந்தது பலகை. வலது கால் தொடை வரை உள்ளே போய், கீழே இருந்த செங்கல் குவியலில் முட்டி திரும்பிவிட்டது. ஓட்டையைச் சுற்றி வார்னிஷ் மட்டும் பிளாஸ்டிக் காகிதம் மாதிரி தொங்கியது. பால் செம்பு உருண்டு போனது. அவர் கத்தவில்லை. "யாரும் கிட்ட வராதீங்க. பலகை தாங்காது. கோமளா, கீழ் வழியா வாங்க" என்றார். நான் அடியில் தவழ்ந்து போய் அவர் பாதத்தைத் தோளில் தாங்கினேன்.

ஆஸ்பத்திரிக்கு மோகனரங்கம் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். "ஏம்மா, லீவு நாள்ல உனக்கு இன்னா வேல அங்க? யார் கூப்ட்டா?" இதுதான் முதலில் கேட்டது. மேடம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் திருப்பிக்கொள்ளவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டேன், வார்டே திரும்பிப் பார்த்தது. ஷெட்டிலும் எல்லோர் முன்னாலும் கேட்டேன். அடுத்த வாரத்தில் இருந்து எனக்கு லோடு இறக்குகிற வேலை கொடுத்தார்கள். ஓய்வு பெறும் வரை அதுதான்.

சுப்பையா சார், "அந்தப் புள்ள வரலன்னா என் மவ போயிருப்பா" என்று மோகனரங்கத்தின் முகத்துக்கு நேரே சொன்னார். மோகனரங்கம், பழசைப் பேசி என்ன ஆகப் போகிறது என்று சொல்லி, புது டெக் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு சுப்பையா சாரும் பேசவில்லை. நல்ல மனிதர்கள்தான். இருந்தாலும் வாயை மூடிக்கொண்டார்கள், அதையும் எழுதத்தான் வேண்டும்.

மேடத்தின் முட்டியில் இப்போது தகடு இருக்கிறது. கால் முழுசாக மடங்காது. குனிந்து ஒரு டெக்கின் அடியில் போக முடியாது, பலகைமேல் குதிகாலை வைத்து இறங்க முடியாது. அந்த வேலையே போயிற்று. வீட்டில் உட்கார்ந்து யாருக்கோ வரைபடம் போட்டுக் கொடுக்கிறார். பாபு சொன்னதை அவரிடம் சொன்னேன். தன் பெயரை வைத்துச் சிரிக்கிறார்கள் என்று கேட்டதும் பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தார்.

"விடுங்க கோமளா."

"விட மாட்டேன் மேடம். எழுதப் போறேன்."

"எழுதறதுன்னா எதையும் கூட்டாதீங்க. நடந்தது மட்டும்."

கூட்டவில்லை. எழுதும்போது எத்தனையோ முறை எழுந்து போய்விட்டு வந்தேன், ஆனால் கூட்டவில்லை. பாபுவின் பெயரைப் போடலாமா என்று அவனிடமும் கேட்டேன். "போடு யக்கா. அடிச்ச கை இதுதான். சொன்ன வாய் எதுன்னு அவரு சொல்லட்டும்" என்றான். வேலை போய்விடும்டா என்றேன். "போனா போவுது. நானும் உன்கூட வந்து கட்டுர எழுதறேன்" என்றான், சிரிக்காமல்.

ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிற பெண்களே, உங்களுக்கும் ஒன்று. யாரோ சொல்லிக் கொடுத்த பெயரைச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். மார்கழியில் உங்களை ஈர மரத்தின்மேல் பிரஷோடு ஏற்றிவிடப் போகிறார்கள். ஏறுவதற்கு முன்னால் அடியில் போய்க் குத்திப் பாருங்கள். முனை உள்ளே போனால் கீழே இறங்கிவிடுங்கள். யார் சொன்னாலும் ஏறாதீர்கள்.

மோகனரங்கம் அவர்களே, ஆயுத பூஜைக்கு ஷெட்டில் மைக் கட்டுவீர்கள். வேலை செய்கிறவர்கள் குடும்பத்தோடு வருவார்கள், வாடிக்கையாளர்களும் வருவார்கள். நானும் வருவேன். தமயந்தி மேடம் வருவாரா என்பது அவர் விருப்பம். பூசணிக்காய் உடைப்பதற்கு முன்னால் அந்த மைக்கைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள். அடியில் குனிந்து சட்டத்தைக் குத்திப் பார்த்தீர்களா, இல்லையா? மாற்றாத சட்டத்தை மாற்றியாச்சு என்று பாபுவிடம் சொன்னீர்களா, இல்லையா? அந்தச் சிவப்புக் குறிகளைத் தேய்த்து எடுக்கச் சொன்னது யார்?

வீடியோவில் சிரித்தது போதும். எல்லோர் முன்னாலும் நின்று பெயரைச் சொல்லுங்கள்.